‘ரெண்டே மாசத்துல ஆப் டெவலப்பர்’: வண்ணாரப்பேட்டையில் நான் ஏமாந்த கதை

ஆறு வருடமாக வெப்சைட் வேலையில்தான் எனக்குச் சாப்பாடு. பாரிமுனையில் சின்ன ஆபீஸ், வெப்சைட் எழுத பிஎச்பியும் கொஞ்சம் ரியாக்ட்டும். போன வருடம் வந்த கஸ்டமர்களில் பாதிப் பேர் "வெப்சைட் இருக்கட்டும் சார், ஆப் பண்ணுவீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சரி, ஆப் செய்ய உதவும் ஃப்ளட்டர் என்ற மென்பொருளைக் கற்றுக்கொள்வோம் என்று, திருவொற்றியூர் வீட்டுக்குப் போகிற வழியில் எம்.சி. ரோடு பக்கம் துணிக்கடை மாடியில் இருந்த ஒரு பயிற்சி மையத்தில் ஏறினேன். பெயர் சொல்லப்போவதில்லை. போர்டை மாற்ற அவர்களுக்கு ஒரு நாள் போதும். செய்கிற விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

"ஒரே கோடிங் சார், ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுலயும் ஓடும். பிளேஸ்மெண்ட் கேரண்டி" என்றார் அங்கிருந்த மேடம். கட்டணம் 48,000. அவ்வளவு கையில் இல்லை என்றதும், மாதம் 4,000, வட்டியே கிடையாது என்று என் போனிலேயே ஒரு ஆப்பைப் போடவைத்து ஆதார், பான், ஓடிபி எல்லாம் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அது மையத்துக்குக் கட்டுகிற தவணை அல்ல, என் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் வாங்கிய கடன். மையத்துக்கு முழுப் பணமும் அன்றே போய்விட்டது. வகுப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது. கட்டாமல் விட்டால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும்.

முதல் இரண்டு வாரம் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ். என் தொழிலையே எனக்குப் பாடம் எடுத்தார்கள். மூன்றாவது வாரம் ஃப்ளட்டர் வந்தது. பயிற்றுநர் தம்பி ஒரு பழைய வீடியோவை ஓடவிட்டு, அதிலிருக்கும் கோடிங்கை அப்படியே அடிக்கச் சொன்னார். ‘ரெய்ஸ்டுபட்டன்’ என்று அடித்த இடமெல்லாம் சிவப்புக் கோடு. "உங்க லேப்டாப் பிரச்சினை சார்." லேப்டாப்புக்கு ஒன்றுமில்லை. அந்தப் பட்டனை ஃப்ளட்டர் எப்போதோ தூக்கிவிட்டது, இப்போது ‘எலிவேட்டட்பட்டன்’தான். ஃப்ளட்டரில் எழுதும் மொழி டார்ட். 2023இல் வந்த டார்ட் 3, ‘நல் சேஃப்டி’ (மதிப்பில்லாத இடத்தை முன்பே பிடிக்கும் ஏற்பாடு) இல்லாத பழைய கோடிங்கை ஏற்பதே இல்லை. அவர்கள் வைத்திருந்த பாடம் அதற்கும் முந்தியது.

ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டியபின், "நேரமில்ல சார், ப்ராஜெக்டுக்குப் போயிடலாம்" என்று ஒரு மளிகைக்கடை ஆப் செய்யவைத்தார். ஆப் போனில் ஏறியது, லோகோ வந்தது, எனக்கும் பெருமைதான். அன்று இரவு வீட்டில் மனைவியிடம் காட்டும்போது நெட் போய்விட்டது. திரையில் ‘வெப்பேஜ் நாட் அவைலபிள்’. "என்னங்க, இது வெப்சைட்தானே?" என்றாள். அதேதான். ஆப்புக்குள் வெப்சைட்டைக் காட்டும் ‘வெப்வியூ’ ஒன்றுக்குள் ஒரு வெப்சைட் முகவரி, அவ்வளவுதான் அந்த ஆப். ஆறு வருடம் வெப்சைட் செய்தவன், என் வெப்சைட்டுக்கு உறை போடக் கற்றுக்கொள்ள 48,000 கடன் வாங்கியிருக்கிறேன்.

ஐபோன் ஆப் எங்கே என்று கேட்டால், "மேக் வாங்கிக்கோங்க சார்." ஐபோனுக்கான ஆப்பைத் தயாரிக்க எக்ஸ்கோடு என்ற மென்பொருள் வேண்டும், அது ஆப்பிளின் மேக் கணினியில் மட்டும்தான் ஓடும், ஆப் ஸ்டோரில் வைக்க ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர். கூகுள் பிளேக்கு ஒரே ஒரு முறை 25 டாலர். ஆனால் புதிய தனிநபர் கணக்கென்றால் குறைந்தது 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்டாமல் வெளியிட முடியாது. இதில் ஒன்றைக்கூட சேரும்போது சொல்லவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது மேடம் பில்லைப் புரட்டிக் காட்டினார். வாயால் சொன்ன ‘கேரண்டி’ அங்கே ‘அசிஸ்டன்ஸ்’, அதாவது வெறும் உதவி, ஆகியிருந்தது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். மழுப்பலாக ஒரு பதில் வந்தது. இப்போது சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பில், வாட்ஸ்அப் பேச்சு, கடன் மெசேஜ் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துவிட்டேன்.

எங்கேயாவது சேரப்போகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் பயிற்றுநரை உங்கள் எதிரில் புதிய ப்ராஜெக்ட் ஒன்றைத் தொடங்கி உங்கள் போனிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு ஆப்பைத் திறந்து பாருங்கள்.

நான் இப்போது ராத்திரியில் ரியாக்ட் வழியிலேயே ஆப் செய்யும் ரியாக்ட் நேட்டிவ் படிக்கிறேன், இலவச ஆவணங்களை வைத்து. ரியாக்ட் தெரிந்ததால் தகவலை அனுப்பும் ப்ராப்ஸும், அதை நினைவில் வைக்கும் ஸ்டேட்டும் புதிதில்லை. வெப்சைட்டில் பெட்டி போடும் டிவ் இங்கே கிடையாது, வியூதான். எழுத்து எல்லாம் ‘டெக்ஸ்ட்’ என்ற தனி உறுப்புக்குள் போக வேண்டும். பெட்டிகளை வரிசைப்படுத்தும் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் நேராக மேலிருந்து கீழே அடுக்குகிறது. இந்த மூன்றும் பழக ஒரு வாரம் ஆனது.

ஏழு தவணை போயிருக்கிறது. இன்னும் ஐந்து.