லோட்ஸ் மார்க்கா, தெரேசியன்ஸ்டாட் குரோனாவா: இரண்டு கெட்டோ பணங்கள், ஓர் அலசல்

இரண்டாம் உலகப் போர்க்காலப் பணத்தாள்களைச் சேகரிப்பவர்கள் ‘கெட்டோ பணம்’ என்ற ஒரே தலைப்பில் இரண்டு வகைத் தாள்களை அடுத்தடுத்து வைப்பது வழக்கம். கெட்டோ என்பது நாஜி ஜெர்மனி யூதர்களை அடைத்துவைத்த பகுதி. ஒன்று, போலந்தின் லோட்ஸ் நகரத்து கெட்டோவில் 1940இல் வந்த மார்க். மற்றது, இன்றைய செக் குடியரசில் இருக்கும் தெரேசியன்ஸ்டாட்டில் 1943இல் வந்த குரோனா. இரண்டிலும் அந்தந்த இடத்து யூதர் தலைவரின் கையெழுத்து இருக்கிறது. இரண்டிலும் தாவீதின் நட்சத்திரம் இருக்கிறது. வேலியைத் தாண்டினால் இரண்டுமே வெறும் காகிதம்தான்.

ஒற்றுமை அதோடு சரி. லோட்ஸ் தாள் மக்களிடம் மிச்சம் இருந்ததைக் கறக்க வந்தது. தெரேசியன்ஸ்டாட் தாள், வெளியிலிருந்து பார்க்க வருகிறவர்களின் கண்ணைக் கட்ட வந்தது. இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, உள்ளே இருந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

முதலில் லோட்ஸ். போலந்தைப் பிடித்தவுடன் ஜெர்மனி இந்த நகரத்தைத் தன் எல்லைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. லிட்ஸ்மன்ஸ்டாட் என்று பெயரையும் மாற்றியது. 1940 ஏப்ரல் கடைசியில் கெட்டோவின் வாசல்கள் மூடப்பட்டன. சுமார் 4 சதுர கிலோமீட்டருக்குள் 1,60,000 பேர் அகப்பட்டுக்கொண்டார்கள். பணத்தாள்களில் இருக்கும் தேதி 1940 மே 15. புழக்கத்துக்கு வந்தது ஜூலையில். 50 ஃபெனிக்கில் (100 ஃபெனிக் ஒரு மார்க்) தொடங்கி 1, 2, 5, 10, 20, 50 மார்க் வரை ஏழு மதிப்புகள். ‘பணம்’ என்ற பெயரே அதில் கிடையாது. இன்ன மார்க்குக்கான ரசீது என்றுதான் அச்சடித்திருந்தார்கள். கீழே மொர்தெகாய் ஹாயிம் ரும்கோவ்ஸ்கி என்ற யூதர் தலைவரின் கையெழுத்து. உள்ளே இருந்தவர்கள் அதை ‘ரும்கி’ என்றும் ‘ஹாயிம்கி’ என்றும் அவர் பெயராலேயே அழைத்தார்கள்.

ஏற்பாடு ரொம்ப எளிமையானது. கையில் ஜெர்மன் மார்க், போலந்து ஸ்லாட்டி, டாலர் என்று எது இருந்தாலும் கெட்டோ வங்கியில் கொடுத்துவிட்டு ரசீது மார்க் வாங்கிக்கொள்ள வேண்டும். வெளிப்பணம் வைத்திருப்பது குற்றம். வெளியூரில் இருக்கும் உறவுக்காரர் தபாலில் பணம் அனுப்பினாலும், பெறுகிறவர் கைக்கு வருவது ரசீது மார்க்தான். நிஜப் பணம் ஹான்ஸ் பீபோ தலைமையிலான ஜெர்மன் கெட்டோ நிர்வாகத்தின் பக்கம் போய்விடும். 1941 இலையுதிர் காலத்தில் பெர்லின், வியன்னா, பிராக் போன்ற நகரங்களிலிருந்து சுமார் 20,000 யூதர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வாழ்நாள் சேமிப்பில் எஞ்சியதோடு வந்த அவர்களுக்கும் இதே கதி.

இதைவிட மோசமான இன்னொரு வேலையையும் அந்தத் தாள் செய்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவனிடம் ஒரு ரொட்டி வாங்க வேண்டுமென்றால், அவன் வாங்கிக்கொள்ளும் பணம் உங்களிடம் இருக்க வேண்டும். ரும்கியை யார் தொடுவார்கள்? கடத்தலுக்கு இருந்த வழி அதோடு அடைபட்டது. தப்பி ஓடுகிறவனும் வெளியே கால் வைத்த நிமிடமே பிச்சைக்காரன்.

போலந்துத் தலைநகர் வார்சாவின் கெட்டோவைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். அங்கே தனிப் பணம் அச்சிடவில்லை. ஜெர்மானியர்கள் கிராகோவில் தொடங்கிய வங்கி வெளியிட்ட ஸ்லாட்டிதான் சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் ஓடியது. அதனால் பணம் சுவர் தாண்டிப் போனது, மாவும் உருளைக்கிழங்கும் சுவர் தாண்டி வந்தன. சுவரின் ஓட்டைகளில் நுழைந்து போய்வந்த சிறுவர்கள் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டார்கள். பிடிபட்டால் சாவு என்று தெரிந்தும் போனார்கள். வார்சாவிலும் பட்டினியால் பல்லாயிரம் பேர் இறந்தார்கள்தான். ஆனால் கடத்தல் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் வேகமாகச் செத்திருப்பார்கள். லோட்ஸில் அந்த மூச்சுக் குழாயும் கிடையாது. பணம் மட்டும் காரணமில்லை. கெட்டோவைச் சுற்றி இருந்த நகரத்தில் ஜெர்மானியர்களைக் குடியேற்றினார்கள், அந்தப் பகுதியில் ஒளிந்து போக ஒழுங்கான சாக்கடைக் குழாய்களும் இல்லை. என்றாலும் பூட்டின் சாவி அந்தக் காகிதம்தான்.

சரி, உள்ளே அந்தப் பணத்துக்கு மதிப்பு இருந்ததா? இருந்தது, அதுதான் கொடுமை. ரேஷன் கார்டு எல்லோரிடமும் இருந்தது, ஆனால் ரேஷன் இலவசமில்லை. வேலையில்லாதவன் கையில் ரும்கி கிடையாது, ரும்கி இல்லையென்றால் கார்டு இருந்தும் ரொட்டி கிடையாது. பணம் மாறி ஏறக்குறைய ஒரு மாதத்தில், 1940 ஆகஸ்டில், பசித்தவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதன் பிறகுதான் ரும்கோவ்ஸ்கி நிர்வாகம் வறியவர்களுக்கு மாத உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. ஜெர்மன் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் பட்டறைகள் பெருகின. கூலி ரும்கியில் வந்தது. கள்ளச் சந்தையில் ஒரு ரொட்டியின் விலையோ வாரக் கூலியை எங்கோ தாண்டிப் போனது. கெட்டோவின் ஆவணப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் 1941 ஜனவரி முதல் 1944 ஜூலை வரை தினக்குறிப்பு ஒன்று எழுதிவந்தார்கள். அதில் வானிலையும் சாவுக் கணக்கும் வருகிற அதே பக்கங்களில் ரொட்டி, சாக்கரின், சிகரெட் விலைகளும் வருகின்றன. பசியிலும் நோயிலும் அந்த வேலிக்குள்ளேயே இறந்தவர்கள் 40,000க்கும் மேல். அங்கிருந்து கெல்ம்னோ கொலை முகாமுக்கும், 1944 ஆகஸ்டில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கும் அனுப்பிக் கொன்றவர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை.

லோட்ஸ் பணம் நிஜமாகவே கைமாறியது என்பதற்கு நாணயங்களும் சாட்சி. சில்லறைத் தட்டுப்பாடு வந்ததால் 1942இல் 10 ஃபெனிக் நாணயம் போட்டார்கள். அது ஜெர்மன் நாணயத்தைப் போலவே இருக்கிறது என்று ஜெர்மானியர்கள் ஆட்சேபித்ததால் வடிவத்தை மாற்ற வேண்டியிருந்தது. 1943இல் 5, 10, 20 மார்க் நாணயங்கள் அலுமினியத்திலும் மக்னீசியம் கலந்த உலோகத்திலும் வந்தன. தெரேசியன்ஸ்டாட்டில் நாணயமே கிடையாது. சில்லறை தேவைப்படும் அளவுக்கு அங்கே யாரும் எதையும் வாங்கவில்லை.

அந்த தெரேசியன்ஸ்டாட், பிராகிலிருந்து சற்று வடக்கே இருக்கும் பழைய கோட்டை நகரம். 1941 நவம்பரில் கெட்டோவாக்கினார்கள். அதன் தாள்களில் 1943 ஜனவரி 1 என்று தேதி. 1 முதல் 100 குரோனா வரை ஏழு மதிப்புகள். பத்துக் கட்டளைப் பலகைகளை ஏந்தி நிற்கும் மோசேயின் படத்தை வரைந்தவர் அங்கே கைதியாக இருந்த பீட்டர் கீன் என்ற ஓவியர், கவிஞரும்கூட. தாளில் இருக்கும் அதே தேதியில்தான் அவருக்கு 24 வயது நிறைந்தது. அச்சடித்தது பிராகில் இருந்த தேசிய வங்கி. நல்ல காகிதம், நுணுக்கமான கோடுகள். வளைந்த மூக்கோடு இருக்கும் மோசேயின் முகத்தில் மட்டும் நாஜி கேலிச்சித்திரங்களின் வாடை அடிக்கிறது.

அழகை வைத்துப் பார்த்தால் லோட்ஸ் தாள் இதன் பக்கத்தில் நிற்காது. நட்சத்திரங்களைக் கோத்து முள்வேலி போலத் தெரியும் பின்னணி, ஏழு கிளை விளக்கு, கள்ள ரசீது அடித்தால் கடும் தண்டனை என்ற மிரட்டல். அவ்வளவுதான்.

1943 மே மாதம் தெரேசியன்ஸ்டாட்டில் வங்கி திறந்தது. வியன்னா யூத சமூகத்தின் தலைவராக இருந்த டெசிடர் ஃப்ரீட்மனை அதற்குப் பொறுப்பாக வைத்தார்கள். வேலை செய்தவர்களுக்குச் சம்பளம், அதில் ஒரு பகுதி சேமிப்புக் கணக்கில் வரவு, கையில் பாஸ்புக். ஆனால் சாப்பாடு பொதுச் சமையலறையில் அளந்து போடுவது. குரோனாவுக்கு அங்கே வேலையில்லை. கடைகளில் இருந்த துணிமணிகள், வந்து இறங்கியவர்களின் பெட்டிகளிலிருந்து பறித்தவை. உண்மையான பணமாக ஓடியவை ரொட்டித் துண்டும் சிகரெட்டும்தான்.

அப்படியானால் இந்த ஏற்பாடெல்லாம் யாருக்காக? 1944 ஜூன் 23 அன்று மொரிஸ் ரொசெல் என்ற செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதி, டென்மார்க் அதிகாரிகள் இருவரோடு வந்தார். அவர் வருவதற்குள் வீடுகளுக்கு வண்ணம் பூசினார்கள். நெரிசல் தெரியக் கூடாது என்று மே மாதமே சுமார் 7,500 பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். வங்கி, கடை, காபி நிலையம் எல்லாம் பார்வைக்குத் தயாராக நின்றன. ரொசெல் நல்லபடியாகவே அறிக்கை எழுதினார்.

தாள்களில் கையெழுத்திட்ட யாகோப் எடெல்ஸ்டைனை 1943 ஜனவரியிலேயே தலைமையிலிருந்து இறக்கிவிட்டார்கள். பணம் புழக்கத்துக்கு வந்தபோது அவர் தலைவரே இல்லை. அப்புறம் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோனார்கள். 1944 ஜூன் 20 அன்று, அவர் கண்ணெதிரே மனைவியையும் மகனையும் சுட்டுக் கொன்ற பிறகு அவரையும் சுட்டார்கள். மூன்று நாள் கழித்து வந்த விருந்தாளிகளுக்குக் காட்டிய பணத்தில் இருந்தது அவருடைய கையெழுத்து. கீனும் ஃப்ரீட்மனும் அந்த ஆண்டு அக்டோபரில் ஆஷ்விட்ஸுக்குப் போனார்கள், திரும்பவில்லை.

நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலும் 1944இல் 10, 25, 50, 100 சென்ட் தாள்கள் வந்தன. அது கெட்டோ இல்லை, கிழக்கே அனுப்பும் இடைமுகாம் என்பதால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

சேகரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தெரேசியன்ஸ்டாட் தாள்கள் மடிப்புகூட இல்லாமல் முழு வரிசையாகக் கிடைப்பது சாதாரணம். அதைப் பார்த்து யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை. அதிகம் கைமாறாத பணம் அப்படித்தான் இருக்கும். லோட்ஸ் தாள்கள் பலவும் கசங்கி, ஓரம் தேய்ந்து வருகின்றன. அதன் நாணயங்களில் போலிகள் நிறைய என்பதால், தெரிந்தவர்களிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

ஒரு வகுப்பறையிலோ கண்காட்சியிலோ ஒரே ஒரு தாளைத்தான் வைக்க முடியும் என்றால், யோசிக்காமல் லோட்ஸின் கசங்கிய ஒற்றை மார்க்கை வையுங்கள். யாரோ ஒருவர் அதைக் கொடுத்துத்தான் அன்றைய ரொட்டியை வாங்கியிருப்பார். மோசே படம் போட்டதைத்தான் வைக்க வேண்டுமென்றால், பக்கத்தில் ஒரு சிறு அட்டையில் 1944 ஜூன் 20, ஜூன் 23 ஆகிய இரண்டு தேதிகளையும் அந்த நாட்களில் நடந்ததையும் எழுதி வையுங்கள்.