போதைப்பொருள் தண்டனைகளுக்கு எதிரான போஸ்டர் தொகுப்பு: என் கருத்து

அமெரிக்காவின் கடுமையான போதைப்பொருள் தண்டனைகளை எதிர்த்து வரைந்த இந்தப் போஸ்டர் தொகுப்பை ஆன்லைனில் வாங்கினேன். அச்சு அருமை, தாளும் நல்ல தடிமன்.

என்னை உலுக்கியது 5 கிராம், 500 கிராம் என்ற இரண்டே எண்களை வைத்து வரைந்த போஸ்டர்தான். 1986 சட்டப்படி 5 கிராம் கிராக் கொகெய்ன் (புகைக்கும் கட்டி வடிவம்) விற்றவருக்கும் 500 கிராம் தூள் கொகெய்ன் விற்றவருக்கும் ஒரே தண்டனை, குறைந்தது 5 ஆண்டு சிறை என்றிருந்தது. நீதிபதியே மனம் இரங்கினாலும் பெரும்பாலும் குறைக்க வழியிருக்கவில்லை, கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2010-ல் 100-க்கு 1 என்ற அந்த விகிதத்தை 18-க்கு 1 ஆக்கினார்கள், அவ்வளவுதான். பக்கம் பக்கமாகப் படித்தபோது வராத கோபம் இந்தப் படத்தைப் பார்த்ததும் வந்தது.

படம் வரைந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஆண்டனி பாப்பாவைச் சொல்வேன். நியூயார்க்கின் கடுமையான போதைப்பொருள் சட்டமான ராக்ஃபெல்லர் சட்டத்தில் 15 ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனை பெற்றவர், சிங் சிங் சிறையில் வரைந்த தன் உருவப்படம் விட்னி அருங்காட்சியகம் வரை போய்க் கவனம் பெற்றது, 1996-ல் ஆளுநர் கருணை காட்டினார்.

குறை என்றால், கம்பியும் கைவிலங்குமே திரும்பத் திரும்ப வருகின்றன. வெளியே காத்திருக்கும் பிள்ளைகள், தாய்மார்கள் ஒரே ஒரு போஸ்டரில்தான், அதுவும் சின்னதாக. அவர்களுக்குத்தான் நிறைய இடம் கொடுத்திருக்க வேண்டும்! அப்புறம், விளக்க எழுத்துகள் ரொம்பப் பொடி. மற்றபடி தாராளமாக வாங்கலாம். ஓரம் கிழிந்து வந்த ஒன்றைக் கேட்டதும் மாற்றித் தந்தார்கள்.