ஓடும் கணினிகளைப் பொதுச் சேமிப்பகம் இல்லாமல் இடம் மாற்றுதல்: 4 ஆண்டு அனுபவம்

எங்களிடம் 3 சர்வர்கள். அவற்றுக்குள் 19 மெய்நிகர் கணினிகள், அதாவது சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் தனித்தனிக் கணினிகள். இனி ‘கணினி’ என்று சொல்வது இவற்றைத்தான். மருந்து மொத்த வணிகத்தின் பில்லிங், கிடங்குக் கணக்கு, கோப்புப் பகிர்வு எல்லாம் இவற்றில்தான் நடக்கின்றன. மூன்று சர்வர்களுக்கும் பொதுவான சேமிப்பகம் கிடையாது. ஒவ்வொன்றும் தன் வட்டுகளைத் தன்னிடமே வைத்திருக்கிறது. 4 ஆண்டுகளுக்கு முன்பு எல்லா சர்வர்களும் வலையமைப்பு வழியே பகிர்ந்துகொள்ளும் சான் சேமிப்பகத்துக்கு விலை விசாரித்தோம். அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு சர்வர்கள் வாங்கலாம் என்று தெரிந்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளை நிறுவி, கணினிகளை ஓட்டத்தை நிறுத்தாமலே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டு காலம் தள்ளுகிறோம். இதே நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த வசதி புதிதல்ல. இதே வகை மென்பொருள்களான விஎம்வேரின் விஸ்பியர் 5.1 பதிப்பிலும் விண்டோஸ் சர்வர் 2012-இன் ஹைப்பர்-வியிலும் பொதுச் சேமிப்பகம் இல்லாத இடமாற்றம் 2012-லேயே வந்துவிட்டது. ப்ராக்ஸ்மாக்ஸுக்கு அடியில் மெய்நிகர் கணினிகளை உண்மையில் ஓட்டுவது கேவிஎம், க்யூஎம்யூ என்ற மென்பொருள்கள். வேலை நடக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை குறைந்துவிடும். முதலில் சேருமிடத்து சர்வரில் அதே அளவில் காலி வட்டு ஒன்று உருவாகிறது. மூல வட்டின் தரவு தொகுதி தொகுதியாக அங்கே போகிறது. அதற்கிடையில் கணினி எழுதும் புதிய தரவும் தொடர்ந்து அங்கே போய்ச் சேர்கிறது. இரண்டு வட்டுகளும் ஒன்றான பிறகுதான் நினைவகத்தின் முறை வருகிறது. நினைவகப் பக்கங்களை ஒரு சுற்று அனுப்புகிறது. அனுப்பும்போதே மாறிவிட்ட பக்கங்களை மறு சுற்றில் அனுப்புகிறது. மிச்சம் மிகச் சிறியதாகும்போது கணினியை ஒரு கணம் நிறுத்தி, எஞ்சியதையும் கொண்டுபோய் அந்தப் பக்கம் எழுப்புகிறது. எழுந்த கணினி தன் வலையட்டை முகவரியை அறிவிக்க, வலையமைப்பு ஸ்விட்சுகள் அது வேறு இணைப்புமுனைக்கு (போர்ட்) வந்துவிட்டதைத் தெரிந்துகொள்கின்றன.

நான் முதன்முதலில் மாற்றியது கிடங்குக் கணக்கு ஓடும் கணினி. இரவு 10 மணி. பக்கத்துத் திரையில், அந்தக் கணினி பதில் தருகிறதா என்று விடாமல் கேட்டுப் பார்க்கும் பிங் ஓடிக்கொண்டிருந்தது. வட்டு நகலாகும் அளவு வரிவரியாக ஏறியது. கடைசியில் நினைவகம் போகத் தொடங்கியபோது எண்களை விட்டுக் கண் நகரவில்லை. பிங்கில் ஒரே ஒரு பதில் தவறியது, அடுத்தது வந்துவிட்டது. பதிவில் நிறுத்த நேரம் 74 மில்லி விநாடி என்று இருந்தது. திறந்து வைத்திருந்த தரவுத்தள இணைப்பு அறுபடவில்லை. அன்று எனக்கு உண்டான நம்பிக்கை இன்றுவரை குறையவில்லை.

ஆனால் அந்த 74 மில்லி விநாடியை மட்டும் வைத்து யாரும் திட்டமிட வேண்டாம். நேரத்தை விழுங்குவது வட்டுதான். 1 கிகாபிட் இணைப்பில் விநாடிக்கு 110 மெகாபைட் போனால் அதிகம். 500 ஜிபி வட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. பொதுச் சேமிப்பகம் இருப்பவர்கள் நினைவகத்தை மட்டும் அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். நமக்கு அது வாய்க்காது. தொடக்கத்தில் ஒருமுறை, ஊழியர்கள் வேலை பார்க்கும் அதே வலையமைப்பின் வழியே பகலில் ஒரு பெரிய கணினியை மாற்றினேன். பத்தாவது நிமிடத்தில் கிடங்கிலிருந்து அழைப்பு வந்தது. “சார், இப்போது ஏதாவது செய்கிறீர்களா? ஒரு பில் அச்சாவதற்கு ஒரு நிமிடம் ஆகிறது” என்றார் அங்கே பொறுப்பில் இருந்தவர். உடனே நிறுத்தினேன். நிறுத்தியதால் ஒன்றும் கெடவில்லை. மூல சர்வரில் கணினி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் விட்டாலும் மூலம் பத்திரமாக இருக்கும் என்பது இந்த முறையின் பெரிய பலம்.

அந்த வாரமே சர்வர்களுக்குள் 10 கிகாபிட் அட்டைகளைப் பொருத்தி, இடமாற்றத்துக்கென்று தனி வலையமைப்பு அமைத்தோம். ப்ராக்ஸ்மாக்ஸ் அமைப்பில் அந்த வலையமைப்பைக் குறிப்பிட ஒரு வரி போதும். இந்த வழியில் வெளியார் யாரும் வர முடியாது என்பதால் மறைகுறியாக்கத்தையும் நிறுத்திவிட்டேன். மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்ஹெச் வழியே போகும்போது செயலியே முட்டுக்கட்டையாகிவிடுகிறது. இப்போது வேகத்தின் எல்லை எங்கள் சாட்டா எஸ்எஸ்டி வட்டுகள்தாம். 500 ஜிபி ஏறக்குறைய 20 நிமிடத்தில் முடிகிறது. பொதுச் சேமிப்பகம் வாங்கப் பணம் இல்லையென்றால், குறைந்தது இந்த அட்டைகளுக்காவது செலவு செய்யுங்கள்.

சிக்கலே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். எழுதிய அளவுக்கு மட்டும் இடம் பிடிக்கும் மெல்லிய ஒதுக்கீட்டில் 60 ஜிபி மட்டுமே பிடித்திருந்த 200 ஜிபி வட்டு ஒன்று, மாறிய பிறகு முழு 200 ஜிபியையும் பிடித்துக்கொண்டது. நகலெடுக்கும்போது வெற்றிடங்களும் சேர்ந்து எழுதப்பட்டதுதான் காரணம். சேருமிடத்துச் சேமிப்பகம் நிரம்பிவிடுமோ என்று அன்று உண்மையிலேயே பயந்தேன். மெய்நிகர் கணினிக்குள் ஓடி ப்ராக்ஸ்மாக்ஸோடு பேசும் ‘விருந்தினர் முகவர்’ (கெஸ்ட் ஏஜென்ட்) என்ற சிறு நிரலின் அமைப்பில், இடம் மாறியதும் பயன்படாத இடத்தைத் திருப்பித் தரும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதைப் போட்ட பிறகு இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் நகலாகும் நேரத்தில் முழு அளவுக்கும் இடம் வேண்டும் என்று கணக்கிட்டுத்தான் தொடங்குகிறேன்.

இன்னொன்று செயலி வகை, அதாவது மெய்நிகர் கணினிக்கு எந்தச் செயலி இருப்பதாகக் காட்டுவது என்ற அமைப்பு. வேகம் கருதிச் சில கணினிகளுக்கு, சர்வரின் செயலியை அப்படியே காட்டும் ‘ஹோஸ்ட்’ வகையைக் கொடுத்திருந்தேன். பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு அவை நன்றாகப் போயின. அங்கே ஒரு கணினியைப் புதுப்பிப்புக்காக மறுதொடக்கம் செய்தோம். அப்போது அது புதிய செயலியின் கூடுதல் ஆணைகளை எல்லாம் கண்டு, பயன்படுத்தவும் தொடங்கிவிட்டது. பிறகு பழைய சர்வருக்குத் திரும்பக் கொண்டுவந்தேன்; வந்த சில நிமிடங்களில் உள்ளே இருந்த சேவைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தெரியாத ஆணையைப் பழைய செயலி எப்படி நிறைவேற்றும்? இன்று எல்லாக் கணினிகளுக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் 8 முதல் இயல்பாக வரும் ‘எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ்’ வகைதான்; பொதுவான ஆணைகளை மட்டுமே அது காட்டும். இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும் இடையே நான் ஓடும் கணினியை மாற்றுவதே இல்லை, நிறுத்திவிட்டுத்தான் மாற்றுகிறேன்.

மாற்றத் தொடங்கியதும் மறுத்துவிடும் சிறு காரணங்களும் உண்டு: கழற்ற மறந்த ஐஎஸ்ஓ கோப்பு (நிறுவல் வட்டின் நகல்), எப்போதோ எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட் (வட்டின் அந்தக் கண நிலை), கணினியோடு நேரடியாக இணைத்த சர்வரின் பிசிஐ அட்டை. முதல் இரண்டையும் முன்கூட்டியே பார்த்து நீக்கிவிடலாம். அட்டை இணைத்த கணினியை ஓடும்போது மாற்ற முடியாது.

ஓயாமல் தரவு எழுதும் தரவுத்தளத்தை நள்ளிரவுக் காப்புநகல் ஓடும் நேரத்தில் மாற்றாதீர்கள். அப்படி ஒருமுறை நினைவகச் சுற்றுகள் முடியாமல் நீண்டுகொண்டே போயின. அனுமதித்த நிறுத்த நேரத்தை 200, 400 மில்லி விநாடி என்று தானாகவே கூட்டிக்கூட்டித்தான் அது முடித்தது. முடிந்தது என்னவோ உண்மை. அந்த அரை மணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்த வசதியைப் பற்றிப் பலர் தவறாக நினைக்கும் விஷயம் ஒன்று உண்டு. மூல சர்வர் உயிரோடு இருக்கும்வரைதான் இது நடக்கும். சர்வர் திடீரென்று அணைந்துவிட்டால், வட்டு அதற்குள்ளேயே கிடக்கும். மாற்றுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆகவே இது பராமரிப்புக்கான வசதி. விபத்துக்கான காப்பு ஆகாது. பில்லிங் கணினிக்கு மட்டும், வட்டில் மாறியதை இன்னொரு சர்வருக்கு அனுப்பிவைக்கும் இசட்எஃப்எஸ் பிரதியெடுப்பை 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டிருக்கிறேன். சர்வர் விழுந்தால் அதிகபட்சம் அந்த 15 நிமிட வேலை போகும். கூடுதல் நன்மையாக, பிரதி இருக்கும் சர்வருக்கு மாற்றும்போது வித்தியாசம் மட்டுமே போவதால் நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. இடமாற்றம் வெற்றி பெற்றதும் மூலத்திலிருந்த வட்டு அழிக்கப்படும் என்பதால், பெரிய கணினி எதையும் அன்றைய காப்புநகல் இல்லாமல் நான் தொடுவதில்லை.

சென்ற மாதம் பழைய சர்வர் ஒன்றுக்கு ஓய்வு கொடுத்தோம். அதிலிருந்த 7 கணினிகளை வியாழன் முதல் சனி வரை மாலை வேளைகளில் ஒவ்வொன்றாக நகர்த்தினேன். 6 போய்விட்டன. 1.8 டிபி வட்டுள்ள கோப்புக் கணினி ஒன்றுதான் பாக்கி. அதற்கு ஞாயிறு காலை 6 மணிக்கு நேரம் குறித்தேன்; 8 மணிக்குள் அதுவும் வந்து சேர்ந்தது. கடைசியாக ஒருமுறை பட்டியலைப் பார்த்து, அங்கே எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு அந்தச் சர்வரின் மின்கம்பியைக் கழற்றினேன்.