"பெல்ட்டெல்லாம் மாத்தியாச்சு சார்": பழைய போர்ஷே வாங்கி ஏமாந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, அதை யாரிடமாவது சர்வீஸுக்கு விடப்போகிறவர்கள் மட்டும் முழுசாகப் படித்தால் போதும். ஒர்க்‌ஷாப் பெயரைச் சொல்ல மாட்டேன், இன்பாக்ஸில் வந்து கேட்காதீர்கள்.

என்னுடையது 1986 மாடல் போர்ஷே 944. முன்னால் 2.5 லிட்டர், நாலு சிலிண்டர் எஞ்சின், பின்னால் கியர்பாக்ஸ். எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்டச் சமம் என்பதால் வளைவில் அது திரும்புகிற சுகமே தனி. வாங்கிய முதல் வாரம் பால் பாக்கெட் வாங்கக்கூட அதில்தான் போனேன்.

விற்றவர் தடியாக ஒரு ஃபைல் கொடுத்தார். "ரெண்டு வருஷம் முன்னாடிதான் பெல்ட் மாத்தினது. டயர் நாலும் புதுசு." டயரில் பட்டன் ஆழமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால், தயாரிப்பு விவரம் சொல்லும் டி.ஓ.டி. எழுத்துகளின் கடைசியில் 2309. அதாவது 2009ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். ஓடாமலே கிழடாகிப்போன டயர். சரி, டயர்தானே என்று மாற்றினேன். ஆனால் டயர் விஷயத்தில் பொய் சொன்னவர் பெல்ட் விஷயத்தில் உண்மையா சொல்லியிருப்பார்? அந்த யோசனையில்தான் 'கிளாசிக் கார் ஸ்பெஷலிஸ்ட்' என்று பலகை மாட்டியிருந்த அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பாம்புக்குப் பயந்து புற்றுக்குள் ஒளிந்த கதை.

இந்த எஞ்சினின் முகப்பில் இரண்டு பல் பெல்ட்டுகள் உண்டு. ஒன்று வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைச் சுற்றுவது. வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. மற்றொன்று பேலன்ஸ் ஷாஃப்டுகளுக்கு. நாலே சிலிண்டரில் 2.5 லிட்டர் என்றால் உதறல் இருக்கும். அதை அடக்க இரண்டு தண்டுகள், பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் தண்டைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுகின்றன. பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், கட்டி இழுத்துக்கொண்டு போய் வேறு போட்டால் ஆச்சு என்று சில எஞ்சின்களில் சொல்லலாம். இதில் முடியாது. வால்வு இறங்குகிற இடத்துக்கே பிஸ்டனும் ஏறி வருகிறது. ஒன்று வரும்போது மற்றது விலகியிருக்க வேண்டும். அந்த முறையைக் காப்பது கேம் பெல்ட் மட்டும்தான். அது தவறினால் இரண்டும் மோதும்.

எனக்கு இதெல்லாம் தெரியும். அதனால்தான் தெளிவாகச் சொன்னேன்: இரண்டு பெல்ட், ரோலர்கள், வாட்டர் பம்ப், முன்பக்க ஆயில் சீல்கள், எல்லாமே புதுசு. "பண்ணிடலாம் சார்" என்றார் முதலாளி. இழுவிசை பார்க்க பி9201 என்று தனிக் கருவியே இருக்கிறதே, வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பெல்ட்டை இரண்டு விரலால் முறுக்குவதுபோல் காட்டி, "கை பழகிருச்சு சார்" என்றார். என்னுடையது ஸ்பிரிங் டென்ஷனர் வருவதற்கு முந்தைய மாடல். இழுவிசையை ஆள்தான் வைத்தாக வேண்டும். அங்கேயே சாவியைத் திருப்பி வாங்கியிருக்க வேண்டும்.

வண்டி அங்கே ஐந்து வாரம் கிடந்தது. நடுவில் ஒரு ஃபோன்: "சார், சூடானா ஆஃப் ஆகுது. எஞ்சின் கம்ப்யூட்டர் போயிருச்சு, ரீபில்ட் பண்ணது ஒண்ணு போட்டுடறேன்." போடுங்கள் என்றேன். இந்த வண்டியில் சூட்டில் நின்று, ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டி.எம்.இ. ரிலேயை, அதாவது அந்தக் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் மின்சாரம் விடுகிற சுவிட்சை. தீப்பெட்டி அளவு சமாச்சாரம். உள்ளே ஈயப் பற்று விரிசல் விட்டிருக்கும். 944 வைத்திருப்பவர்கள் டாஷ்போர்டு டிராயரிலேயே இன்னொரு ரிலே வைத்திருப்பார்கள். இது எனக்குத் தெரிய வந்தது பிறகுதான்.

வண்டியை எடுக்கப் போனபோது பழைய பாகங்களைக் கேட்டேன். "குப்பை வண்டி காலையிலயே வந்துட்டுப் போயிருச்சே சார்."

ஐந்து வாரக் குப்பையும் சரியாக அன்றைக்குக் காலையில்தான் போயிருக்கிறது. நானும் சிரித்துக்கொண்டே பணத்தைக் கட்டினேன்.

சரியாக நாற்பத்தோராம் நாள். மூன்றாவது கியரில் ஒரு மேம்பாலம் ஏறிக்கொண்டிருந்தேன். முதலில் பானட்டுக்குள் யாரோ துணியைக் கிழிப்பதுபோல் சத்தம், அப்புறம் படபடவென்று அடி, அப்புறம் எதுவுமே இல்லை. ஸ்டார்ட்டரைத் தொட்டேன். எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாக, லேசாக, விசிறி மாதிரிச் சுற்றியது. அந்தச் சத்தம் புரிந்தவர்களுக்கு வயிறு கலங்கும். கம்ப்ரஷன் இல்லை, சிலிண்டருக்குள் காற்று அழுந்தவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவதாகக் கிடைத்த மெக்கானிக் வயசானவர், அதிகம் பேசாதவர். பெல்ட் மூடியைக் கழற்றும்போதே, "நாலு போல்ட்டைக் காணோம் தம்பி" என்றார். உள்ளே கேம் பெல்ட் புதுசுதான். கம்பெனி எழுத்து பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் பேலன்ஸ் பெல்ட் நார் நாராகக் கிடந்தது. எழுத்து தேய்ந்து போயிருந்தது. ஆயிலில் ஊறி, தொட்டால் ரப்பர் போலவே இல்லை, நனைந்த அட்டை போல் இருந்தது. ஒரு பல்லை நகத்தால் தள்ளினார், உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. சீல் பழசு, அதில் ஒழுகிய ஆயில்தான் பெல்ட்டைத் தின்றிருக்கிறது. அறுந்த நார் புதுப் பெல்ட்டுக்கு அடியில் சிக்கி, அதைப் பல் தாண்ட வைத்துவிட்டது. எட்டு வால்வில் ஆறு வளைந்திருந்தன.

வாட்டர் பம்ப் பளபளவென்று வெள்ளி நிறத்தில் இருந்தது. அவர் கம்பி பிரஷ்ஷால் ஒரு தேய் தேய்த்தார். பெயின்ட் உரிந்து அடியில் பழைய அழுக்கு. எனக்குக் கோபம் வந்தது அந்தப் பெயின்ட்டைப் பார்த்துத்தான். மறந்துபோய் விட்ட வேலை இல்லை அது. உட்கார்ந்து, பொறுமையாக, பிசிறில்லாமல் அடித்திருக்கிறார்கள்.

அப்போதே கம்ப்யூட்டர் ஞாபகமும் வந்தது. வாங்கிய அன்று மூலை முடுக்கெல்லாம் ஃபோனில் படம் எடுத்திருந்தேன். படத்தில் இருந்த அதே பெட்டி, லேபிளில் அதே கீறல். புதுசாக இருந்தது ரிலே மட்டும்.

ஒர்க்‌ஷாப்புக்கு ஃபோன் போட்டேன். "சார், பில்லை நல்லாப் பாருங்க, அதுல என்ன எழுதியிருக்கு?" பார்த்தேன். 'பெல்ட் வேலை - 1. பம்ப் வேலை - 1. கம்ப்யூட்டர் வேலை - 1.' எந்த பெல்ட், புதுசா பழசா, பாக எண் என்ன, ஒன்றும் கிடையாது. பம்ப்புக்குப் பெயின்ட் அடித்ததும் பம்ப் வேலைதானே. அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவரிடம் எதுவும் பேச முடியவில்லை. புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

இப்போது வால்வுகள் உட்காரும் எஞ்சின் ஹெட் லேத் பட்டறையில் இருக்கிறது. வால்வுகள் வந்துவிட்டன, ஹெட் கேஸ்கெட் இன்னும் வரவில்லை. பெரியவர் தினமும் சாயங்காலம் அன்றைக்குக் கழற்றியதையெல்லாம் பழைய செய்தித்தாளில் வரிசையாகப் பரப்பிப் படம் எடுத்து அனுப்புகிறார். புதுப் பாகம் வந்தால் டப்பாவோடு வைத்து எனக்குக் காட்டிவிட்டுத்தான் பிரிக்கிறார். நான் கேட்கவே இல்லை, அவராகவே செய்வது. புது பெல்ட்டில் சுமார் 3,000 கிலோமீட்டர் ஓடியதும் இழுவிசையை மறுபடி பார்க்கக் கொண்டுவர வேண்டும் என்று இப்போதே என் ஃபோனில் குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். முந்தைய ஆள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஒரு வேண்டுகோள்: 1986 மாடலுக்குப் பேலன்ஸ் ஷாஃப்ட் முன்பக்க சீல் செட் யாரிடமாவது பிரிக்காமல் இருந்தால் சொல்லுங்கள். டப்பாவோடு.