ஜம்போரி நடத்தித் தருகிறேன் என்று வருபவரிடம் பதிவுப் பணத்தை விடாதீர்கள்

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கிற எங்கள் ஊர் பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறிப் பல வருடமாகிறது, எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கே தோட்டத்து இளைஞர் மன்றம் சார்பில் மவுண்டன் பைக் ஜம்போரி, அதாவது பலர் கூடி ஓட்டும் சைக்கிள் பந்தயம், நடத்தப் போய் 7,580 வெள்ளி (ரிங்கிட்) கையை விட்டுப் போனது. ஆள் பெயரைப் போட்டால் என்மேல் வழக்கு வரும் என்கிறார்கள். அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

விளம்பரம், பதிவு, ஜெர்சி, மெடல், டைமிங் சிப், காப்புறுதி, பெர்மிட் எல்லாம் தன் பொறுப்பு என்றார் பந்தயத்தை நடத்தித் தருகிறேன் என்று வந்த தம்பி. "நீங்க தண்ணியும் சோறும் பாத்துக்குங்கண்ணே, போதும்." விளம்பரத்துக்கு 2,500 முன்பணம் கொடுத்தோம். போஸ்டர் பளபளவென்று வந்தது. 2017இல் கெய்ரின் என்ற சைக்கிள் பந்தயத்தில் உலகச் சாம்பியனான நம் நாட்டு வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங்கின் படம் அதில். அவரே வரப்போகிறார் என்று பையன்கள் குதித்தார்கள். போஸ்டரில் அப்படி ஒரு வரியும் இல்லை, நாங்களும் கேட்கவில்லை.

பதிவுக் கட்டணம் 60 வெள்ளி. 260 பேர் கட்டினார்கள். அத்தனையும் அவருடைய சொந்தக் கணக்குக்குப் போனது. அங்கேதான் கோட்டை விட்டோம். மன்றத்துக்கென்று கணக்கு இருந்தும், "சிஸ்டத்துல மாத்த முடியாதுண்ணே" என்றதும் தலையாட்டினோம். மோசடிப் புகார் வந்த கணக்கா என்று பார்க்க உதவும் போலீசின் செமாக் மூலே தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்தேன், புகார் எதுவும் இல்லை. அதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அதை நற்சான்றிதழ் என்று நினைத்தது என் மடத்தனம்.

பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னால் ஸ்டேஷனிலிருந்து சார்ஜன் கூப்பிட்டார். "எந்தப் பந்தயம்?" தம்பி எங்களிடம் காட்டிய பெர்மிட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அது அனுமதிக் கடிதமே இல்லை. விண்ணப்பம் கிடைத்தது என்று முத்திரை குத்திய நகல். முத்திரையைப் பார்த்து மயங்கியிருக்கிறோம். பொதுச்சாலையில் ஒரு சக்கரம்கூடப் போகக்கூடாது என்றார் சார்ஜன். அவர் சொன்னதில் தப்பில்லை. செம்பனை லோரி ஓடுகிற சாலை அது.

தோட்ட மேனேஜர் மனமிரங்கியதால் 40 கிலோமீட்டர் பந்தயம் தோட்டத்துக்குள்ளேயே 22 ஆகச் சுருங்கியது. முந்தின இரவு மழை. செம்மண் பிரேக்கில் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றவில்லை. கால்வாய்ப் பலகைப் பாலங்களுக்கு அடையாளமாக உரச் சாக்கைக் கட்டினோம். டைமிங் சிப் வரவே இல்லை. தமிழ்ப்பள்ளி டீச்சர்கள் இரண்டு பேர் பயிற்சிப் புத்தகத்தில் நம்பர் எழுதினார்கள். சேறு மூடிய நம்பரை எப்படிப் படிப்பது? மூன்றாம் பரிசுக்கு இரண்டு பேர் சண்டை, இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டோம். யாருக்கும் கைகால் முறியாதது மாரியம்மன் புண்ணியம். காப்புறுதி என்று அவர் அனுப்பிய படத்தில் இருந்த தேதி போன வருடத்துடையது.

அப்புறம் ஜெர்சிக் கடைக்காரர் வந்தார். வந்தது 120 ஜெர்சி, அதற்கும் பணம் கட்டவில்லையாம். 3,000 கொடுத்தோம். மெடல் கேட்டு ஆட்கள் திட்டியதால் 2,080க்கு நாங்களே அடித்துத் தபாலில் அனுப்பினோம். தபால் செலவை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

போலீசில் புகார் கொடுத்தோம். வேலை கொஞ்சம் நடந்திருப்பதால் சிவில் விவகாரம் என்றார்கள். வழக்கறிஞர் இல்லாமல் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போடும் சிறு கோரிக்கைக்கு 5,000 வெள்ளிதான் உச்சவரம்பு, அதுவும் தனிமனிதர்தான் போட முடியும், மன்றம் போட முடியாது. வக்கீல் வைத்தால் அந்தச் செலவே மிச்சத்தைத் தின்றுவிடும். பணம் போன கையோடு மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அடித்தால் வங்கி தடுத்து வைக்க வாய்ப்புண்டு. எங்களுக்கு உறைத்தது ஐந்து வாரம் கழித்து.

போன வாரம் வேறொரு தோட்டத்து ஜம்போரி போஸ்டர் கைக்கு வந்தது. அதே எழுத்து, அதே பளபளப்பு. பணம் கட்டச் சொல்லியிருந்த கணக்கு எண்ணை எங்கள் ரசீதோடு வைத்துப் பார்த்தேன். ஒரு இலக்கம்கூட மாறவில்லை.