ஊர்ல நெகட்டிவ் ஸ்கேன் பண்ணக் கொடுத்த கதை

லீவுக்கு ஊருக்குப் போனப்ப பீரோவுல கிடந்த பழைய கலர் நெகட்டிவ் எல்லாத்தையும் ஒரு ஸ்டூடியோல ஸ்கேனுக்கு கொடுத்தேன். சொன்ன தேதிக்கு பென்டிரைவ் கைல வந்துச்சு, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா லேப்டாப்ல திறந்து பெருசு பண்ணா அம்மா கன்னம் பூரா மணல் அள்ளி வீசுன மாதிரி புள்ளி.

திரும்பப் போய் கேட்டா "பழைய ஃபிலிம் சார், அப்படித்தான் இருக்கும்"னாரு. சரி, ஒரே ஃப்ரேமை ரெண்டு தடவை ஸ்கேன் பண்ணுங்கன்னு உக்காந்துட்டேன். ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு பார்த்தா புள்ளியெல்லாம் அதே இடத்துலயே நிக்குது, அப்போ அது ஃபிலிமோட கிரெயின்தான், அதாவது ஃபிலிம்லயே இருக்கற பொடிப்பொடி துகள், ஸ்கேனர் தானா கிளப்பற நாய்ஸ் புள்ளியா இருந்தா ஒவ்வொரு தடவையும் இடம் மாறும். அவர் சொன்னதுல பாதி சரி. மீதிப் பாதி செட்டிங்க்ஸ்ல இருந்துச்சு, ஓரங்களைக் கூராக்கிக் காட்டற ஷார்ப்பனிங்கை ஃபுல்லா ஏத்தி வச்சிருந்தாங்க, அது கண்ணு இமையை மட்டுமா தூக்கிக் காட்டும், ஒவ்வொரு கிரெயினுக்கும் ஓரம் கட்டி விட்டுடும், அதுக்கு மேல ஜேபெக் ஃபைலா அமுக்கிச் சுருக்கினா கேக்கவே வேணாம்.

ஷார்ப்பனிங்கை ஆஃப் பண்ணி, 2400 டிபிஐயை (ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளின்னு கணக்கு) 4000 ஆக்கி, 16 பிட் டிஃப்ல, அதாவது தரம் குறையாம சேமிக்கற ஃபைல்ல எடுக்கச் சொன்னேன். 35 எம்எம் ஃப்ரேமுக்கு சுமாரா 20 மெகாபிக்சல் வருது, ஃபைல் பெருசுதான், ஆனா குறைஞ்ச டிபிஐல கிரெயின் பிக்சலோட மோதி இருக்கறதை விட முரடா தெரியுமே, அந்தத் தொல்லை குறைஞ்சுது. பாதி மணல் அங்கேயே போயிடுச்சு.

நடுவுல அவரா ஒரு ஃபில்டர் போட்டு வழுவழுன்னு ஆக்கிக் காமிச்சாரு, அம்மா மெழுகு பொம்மை ஆயிட்டாங்க, முடியெல்லாம் ஒரே கத்தையா ஒட்டிக்கிச்சு. வேணவே வேணாம்னுட்டேன். டிஜிட்டல் ஐஸ் போட்டா போயிடும்னு வேற சொன்னாரு, அது இன்ஃப்ராரெட் வச்சு தூசி கீறலைக் கண்டுபிடிக்கற சமாச்சாரம், கிரெயினுக்கு இல்ல. சாதாரண கறுப்பு வெள்ளை ஃபிலிம்ல படமா நிக்கற வெள்ளித் துகளே இன்ஃப்ராரெட்டை மறைச்சுடும், அதுல போட்டா படமே கெட்டுடும்.

இருட்டு ரூம்ல ஃப்ளாஷ் இல்லாம ஐஎஸ்ஓ 400 ஃபிலிம்ல (அந்த நம்பர் ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு வேகமா பிடிக்கும்னு சொல்றது) எடுத்த படங்க மட்டும் கடைசி வரைக்கும் தேறல. நெகட்டிவ்லயே ஒண்ணும் பதியல, அதை வெளிச்சம் ஏத்தி இழுத்தா கிரெயின்தான் முன்னாடி வந்து நிக்கும், அதுக்கு ஸ்டூடியோக்காரரைத் திட்டறது நியாயமில்ல.

கிளம்பறப்ப ஸ்ட்ரிப்பை எண்ணிப் பார்த்தா ஒண்ணு குறையுது, தேடுனா ஸ்கேனர் ஹோல்டர்லயே மாட்டிக்கிட்டு இருக்கு.