இருக்கைக்கு அடியில் டீசல் வாடை

சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் சமையல் குத்தகை எடுத்து நடத்தும் தம்பி ஒருவர் போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, உங்களிடம் இருக்கும் அதே வேன் பழைய வண்டிக் கடையில் விலை இறங்கியிருக்கிறது, எடுக்கலாமா?" என்று கேட்டார். ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மூன்று லிட்டர் காமன் ரயில் (எரிபொருளை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் வகை) டீசல், முன்னிருக்கைக்கு அடியில் என்ஜின், கையால் மாற்றும் கியர். ரகம் எது என்று வேன் ஓட்டுகிறவர்களுக்குப் புரிந்திருக்கும். தேக்காவில் எனக்குப் பூக்கடை. சாங்கியில் சரக்கு விமானத்தில் வந்திறங்கும் பூவை விடியற்காலையில் ஏற்றிக் கடைக்கும் கோயில்களுக்கும் கொண்டுசேர்ப்பதுதான் வேனுக்கு வேலை. புதிதாக எடுத்த வண்டி, இப்போது பத்து வயதை நெருங்குகிறது.

என்ஜினைக் குறை சொன்னால் எனக்கு நல்லது நடக்காது. தைப்பூச வாரத்தில் கூரைவரை பெட்டி அடுக்கினாலும் மேம்பாலத்தில் திணறாமல் ஏறும். விரைவுச்சாலையில் சரக்கு வேனுக்கு 70 கிலோமீட்டர்தான் எல்லை. அந்த வேகத்தில் நாள் முழுக்க ஓட்டினாலும் சூடு ஏறாது. கிளட்ச் தேய்ந்தது, மாற்றினேன். குளிர்சாதனத்தில் ஒரு முறை வாயு நிரப்பினேன். இவற்றை நான் செலவாகவே கருதவில்லை.

என் கோபமெல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. ஏழாவது ஆண்டிலிருந்து வண்டிக்குள் டீசல் வாடை அடிக்க ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் கூடும், ஓடினால் குறையும். சிமெண்ட் ஏற்றுகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. மல்லிகை மொட்டு பக்கத்தில் இருக்கும் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். கடையில் மாலை கட்டும் அக்கா ஒரு காலை பொட்டலத்தைப் பிரித்தார், முகர்ந்தார், ஒன்றும் பேசாமல் தரையில் ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். சாமிக்குப் போகவேண்டிய பூ அது. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

வாடையோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் எளிதில் கிளம்பாது. ஸ்டார்ட்டர் நீளமாகச் சுற்றும், பிறகு இருமிக்கொண்டு பிடிக்கும். பகலில் எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் உடனே கிளம்பிவிடும்.

முதலில் காட்டிய பட்டறையில் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, உயர் அழுத்தப் பம்பு போய்விட்டது, என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றார்கள். நாலாயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும் என்று சீட்டு எழுதினார்கள். எங்கே கசிகிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இடத்தைக் காட்டாதவர்களுக்குப் பணம் கொடுக்க மாட்டேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த பட்டறை என்ஜினைக் கழுவிக் கொடுத்தது. வாடை சில நாள் மறைந்து, திரும்ப வந்தது.

கடைசியில் கண்டுபிடித்தவர் காக்கி புக்கிட்டில் ஒரு சிறிய பட்டறையில் வேலை செய்யும், ஜோகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வரும் நம் ஆள். வண்டியை முந்தின நாளே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். சூடான வண்டியில் காலைக் கோளாறைப் பார்க்க முடியாது என்பது அவர் கணக்கு. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் இருந்த கறுப்புக் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் கண்ணாடி போன்ற குழாய் ஒரு துண்டு மாட்டினார். காலையில் சாவியைத் திருப்பியதும் அந்தத் துண்டுக்குள் குமிழ்கள் வரிசையாக ஓடின. தொட்டியிலிருந்து பம்புவரை டீசல் இழுக்கப்படுகிறது. அந்தப் பகுதியில் ஓட்டை இருந்தால் வெளியே சொட்டாது, உள்ளே காற்று வாங்கும். இரவில் டீசல் தொட்டிக்கே இறங்கிவிடும். ஃபில்டர் தலையிலுள்ள கைப்பம்பின் ரப்பர் வளையம் காய்ந்து போயிருந்தது. தலையை மாற்றி, கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றினார். அடுத்த காலை வண்டி தொட்டவுடன் கிளம்பியது.

வாடை மட்டும் அப்படியே இருந்தது. அது வேறு நோய் என்று அப்போதுதான் தெளிவானது.

இருக்கையைத் தூக்கி, என்ஜினின் மேல்பாகத்தைக் கழுவி, காற்றடித்து உலர்த்தி, இன்ஜெக்டர்களைச் சுற்றி முகப்பவுடரைத் தூவினார். என்ஜினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது இன்ஜெக்டர் பக்கம் வெள்ளைப் பவுடரில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு ஊர்ந்து இறங்கியது. இன்ஜெக்டரில் மிஞ்சும் டீசலைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய் அது. சுண்டுவிரலைவிட மெல்லியது, மேலே நூல் பின்னல். பின்னலை விலக்கியபோது அடியில் ரப்பர் முழுக்க வெடிப்பு. கிளிப்பைத் தொட்டதும் குழாய் கையோடு உடைந்து வந்தது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரிட்டர்ன் குழாயில் அழுத்தம் மிகக் குறைவு. பக்கத்திலேயே ஓடும், இன்ஜெக்டருக்கு டீசல் கொண்டுபோகும் இரும்புக் குழாயில் முழுப் பாரத்தில் அழுத்தம் 1,600 பாருக்கு மேல் போகும். ஒப்பிட்டுப் பார்க்க, டயரில் இருப்பது ஏறக்குறைய 3 பார். அந்த இரும்புக் குழாயில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. ஓடும் என்ஜினில் விரலால் தடவிக் கசிவு தேடாதீர்கள். கைக்குப் பதிலாக ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

புதுக் குழாய்க்கு ஆன செலவு, கூலி நீங்கலாக, ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. டீசலுக்கென்று செய்த ரப்பரைத்தான் மாட்டச் சொன்னேன். பட்டறையில் கிடக்கும் தண்ணீர்க் குழாய்த் துண்டை வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. அந்த ரப்பர் டீசலில் ஊறி உப்பி, சில மாதங்களில் திரும்ப வாடை அடிக்கும்.

இவ்வளவு நல்ல என்ஜினைச் செய்யத் தெரிந்தவர்கள், அதன் தலையில் கொதிக்கிற இடத்தில், ஓட்டுகிறவரின் மூக்குக்கு நேர் கீழே, கண்ணுக்குத் தெரியாத மறைவில் இந்த ரப்பரை ஏன் வைத்தார்கள்? வருடம் முழுக்க வெயில் அடிக்கிற ஊரில் அது காயாமல் என்ன செய்யும்? பராமரிப்புப் புத்தகத்தில் எண்ணெய்க்குத் தவணை இருக்கிறது, பெல்ட்டுக்குத் தவணை இருக்கிறது. இந்தக் குழாயைப் பற்றி ஒரு வரி இல்லை. எரிபொருள் சொட்டி எக்ஸாஸ்டில் விழுந்தால் வண்டியே எரியும். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் சொட்டினால் பின்னால் வரும் மோட்டார்சைக்கிள்காரர் சறுக்கி விழுவார். இதை நான் சிறிய குறை என்று எழுத மாட்டேன்.

தம்பி, பார்க்கத்தான் போவேன் என்றால், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருமுன் கிளப்பி வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இருக்கையைத் தூக்கச் சொல்லி நூல் பின்னலைப் பாருங்கள். ஈரமாகவோ கறுத்தோ இருந்தால் விலையை இன்னும் இறக்கலாம். பத்து வயது தாண்டிய சரக்கு வேனுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், வாங்க வேண்டாம். சாப்பாடு ஏற்றுகிற தொழில் உங்களுடையது. அந்த வாடை பிரியாணி அண்டாவுக்குள் போனால் வாடிக்கையாளர் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்?

என் வேனை விற்கப் போகிறேனா என்றும் கேட்டீர்கள். விற்கவில்லை. வண்டி வைத்திருக்க அரசிடம் எடுக்கும் சிஓஇ சான்றிதழ் முடிகிறது, இன்னும் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன்.